ஈயமும் செம்பும் இணையும் இடம்

சில தலைமுறைகளுக்கு முன்பு வரையில் நம் ஊர்த் தெருக்களில் ஈயம் பூசுகிறவர் வந்துகொண்டிருந்தார். மரநிழலில் சிறு குழி பறித்து, கரியிட்டு, துருத்தியால் ஊதி, பித்தளைத் தவலையையும் அண்டாவையும் அந்த நெருப்பின்மேல் புரட்டிப் புரட்டிக் காய்ச்சி, நவச்சாரப் பொடியை உள்ளே தூவி, வெள்ளைப் புகை குபீரென்று கிளம்பும் அந்தக் கணத்திலேயே வெள்ளீயத் துண்டைத் தொட்டு, பழந்துணியால் ஒரு சுழற்றுச் சுழற்றினால், களிம்பேறிக் கறுத்திருந்த பாத்திரத்தின் உட்புறம் பளபளவென்று வெளுத்துவிடும். வேடிக்கை பார்த்த சிறுவர்களுக்கு அது இந்திரஜாலமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த ஜாலத்தில் நடந்தவை மூன்றே காரியங்கள்தாம்: பாத்திரத்துக்கு உஷ்ணம் ஏற்றப்பட்டது, அதன்மேல் இருந்த களிம்பை நவச்சாரம் அகற்றியது, சூடும் சுத்தமுமான உலோகத்தின்மேல் ஈயம் தானாகவே பரவிப் பற்றிக்கொண்டது. இன்றைக்கு வானொலிப் பெட்டி, கைப்பேசிச் சார்ஜர், மின்விசிறியின் ரெகுலேட்டர் என்று எதைத் திறந்து பார்த்தாலும், உள்ளே பச்சைப் பலகையின்மேல் வெள்ளி மணிகளாக வரிசை வரிசையாய் நிற்கும் சால்டர் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் நடந்திருப்பது இதே மூன்று காரியங்கள்தாம். கரி நெருப்புக்குப் பதிலாக மின்சாரமும், நவச்சாரத்துக்குப் பதிலாக ரோசினும், தவலைக்குப் பதிலாக ஊசிமுனை அளவான செம்பும் வந்திருக்கின்றன, அவ்வளவே.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் முன்னைவிட இப்போது அதிகம். பள்ளிக் கண்காட்சிக்கு ஏதேனும் ஒரு மின்கருவி செய்யும் மாணவனும், அறுந்துபோன ஹெட்போன் ஒயரைத் தூக்கி எறிய மனம் வராத குடும்பத் தலைவியும், ஓய்வு பெற்ற பின் பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்க்கத் துணிந்த பெரியவரும் சென்னை ரிச்சி தெருவிலோ தம் ஊர்க் கடைத்தெருவிலோ ஒரு சால்டரிங் அயர்னை வாங்கி வந்துவிடுகிறார்கள். வாங்கி வந்தவுடன் அவர்கள் அஞ்சுவது அதன் நுனிச் சூட்டுக்கு. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் நுனியில் கை படாமல் பார்த்துக்கொண்டால் அபாயம் அனைத்தும் நீங்கிவிட்டது என்று அவர்கள் எண்ணிக்கொள்வதுதான் தவறு. நான் கண்டவரையில், இந்தத் தொழிலில் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து சிறியது. சிறு கொப்புளத்தோடு போய்விடக்கூடியது. நல்ல மணமாக மூக்கில் ஏறும் புகையும், விரலில் ஒட்டிக்கொண்டு வாய்க்குப் பயணமாகும் காரீயமும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சாதனத்துக்குள் மறைந்திருக்கும் மின்சாரமும் அதைவிடப் பெரியவை. அவற்றைச் சொல்வதற்கு முன்னால், செய்யப்போகும் வேலை இன்னதென்று தெரிந்துகொள்வது அவசியம்.

இரண்டு கம்பிகளை ஈயத்தால் ஒட்டுகிறோம் என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நடப்பது ஒட்டுதல் அன்று. பசை என்பது இரண்டு பரப்புகளுக்கிடையே தங்கி, காய்ந்து, பிடித்துக்கொள்வது. உருகிய வெள்ளீயமோ செம்பின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து, அதனோடு கூடி, செம்புமல்லாத ஈயமுமல்லாத மூன்றாவது வஸ்து ஒன்றைப் பிறப்பிக்கிறது. ஆறு செம்பணுக்களுக்கு ஐந்து வெள்ளீய அணுக்கள் என்ற கணக்கில் அமைந்த அந்தச் சேர்மம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமே உடைய படலம். அது தோன்றாத இடத்தில் இணைப்பே இல்லை. கண்ணுக்கு எவ்வளவு பெரிய ஈயக் கட்டி தெரிந்தாலும் பயனில்லை. அதே சமயம், நெடுநேரம் சுட்டுக்கொண்டே இருந்து படலம் தடித்துப்போனால் அது நொறுங்குந்தன்மையை அடைந்துவிடும். போதிய சூடு, ஆனால் சொற்ப நேரம் என்ற சால்டரிங் தொழிலின் விதி முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத இந்தப் படலத்தின் பொருட்டு ஏற்பட்டதுதான்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்ஷியஸில் உருகுவது. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பைத் திரவம் இல்லாமல் அடுப்பில் ஏற்றினால் சில நிமிஷங்களில் சொம்பு சரிந்து உருகி ஓடிவிடும் என்று பாட்டிமார் எச்சரித்து வந்ததன் காரணம் இதுவே. காரீயம் உருகுவதற்கு 327 டிகிரி வேண்டும். இவ்விரண்டையும் கலந்தால் கலவை நடுவில் எங்கேயோ ஓரிடத்தில் உருகும் என்றுதான் சாமானிய புத்தி எதிர்பார்க்கும். ஆனால் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை, இரண்டுக்கும் கீழே இறங்கி, 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. அதுவும் குழம்பு நிலை என்று ஒன்று இல்லாமல், திடமாக இருந்தது ஒரே பாய்ச்சலில் திரவமாகவும், திரவமாக இருந்தது ஒரே பாய்ச்சலில் திடமாகவும் மாறுகிறது. கைவேலைக்கு இதைவிடச் சௌகரியமான குணம் வேறில்லை. கடைகளில் 60க்கு 40 என்று விற்கும் கம்பியும் ஏறத்தாழ அப்படியே நடந்துகொள்ளும். விலை மலிவென்று வெள்ளீயம் 40, காரீயம் 60 உள்ள கம்பியை வாங்கினால், அது 183 டிகிரியில் இளகத் தொடங்கி 238 டிகிரியில்தான் முழுதும் உருகும். இடைப்பட்ட குழம்பு நிலையில் கை சற்று அசைந்தாலும் இணைப்பு உள்ளுக்குள் விரிசல் கண்டுவிடும். கற்றுக்கொள்கிறவர் சிக்கனம் செய்யக்கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது சால்டர் கம்பிதான்.

காரீயமே இல்லாத கம்பியும் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து பெரும்பாலான மின்னணுச் சாதனங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியபின், உலகச் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் தொழிற்சாலைகளெல்லாம் மாற்றுக் கலவைகளுக்குத் திரும்பின. வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 என்ற விகிதத்தில் அமைந்தது அவற்றுள் பிரசித்தமானது. அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகத் தொடங்கும். ஆகவே அயர்னின் நுனியும் சற்று அதிகச் சூட்டில் இருக்கவேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு: காரீயக் கலவையில் நல்ல இணைப்பு கண்ணாடிபோல் மின்னும், மங்கியது கெட்டது என்று பழைய நூல்கள் சொல்லும் இலக்கணம் இதற்குப் பொருந்தாது, நன்றாகப் பற்றிய இணைப்பே இதில் இயல்பாகச் சிறிது மங்கலாகத்தான் இருக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இந்தக் கம்பியை உபயோகிப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். பழகுவதற்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் பழகாமற் போகாது.

இனி, நவச்சாரத்தின் ஸ்தானத்தில் இருக்கும் பொருளைப் பார்ப்போம். செம்பு காற்றுப் பட்டவுடனேயே மெல்லிய ஆக்ஸைடு படலத்தால் தன்னை மூடிக்கொள்கிறது. சூடேறினால் இன்னும் விரைவாக மூடிக்கொள்கிறது. இந்தத் திரையை விலக்காதவரையில் ஈயமும் செம்பும் ஒன்றையொன்று காண முடியாது. திரையை விலக்கும் வேலையைச் செய்வதுதான் பிளக்ஸ். தகரக் கடைக்காரர்கள் இதற்காகத் துத்தநாகத்தைக் கரைத்த திராவகத்தைத் தடவுவார்கள். தகரத்துக்கு அது சரி, மின்கம்பிக்கு அது நஞ்சு. வேலை முடிந்த பின்னும் அமிலம் அங்கேயே தங்கியிருந்து, ஈரக் காற்றை உறிஞ்சி, மாதக்கணக்கில் கம்பியை அரித்துத் தின்றுகொண்டிருக்கும். மின்வேலைக்கு உரியது ரோசின். பைன் மரத்தின் பிசினிலிருந்து எண்ணெயை வடித்தெடுத்தபின் எஞ்சும் மஞ்சள் நிறக் கட்டி அது. வயலின் வித்துவான்கள் வில்லில் தேய்த்துக்கொள்வதும் இதைத்தான். இதன் விசேஷம் என்னவென்றால், சூட்டில் உருகும்போது மட்டுமே அமிலமாக நடந்து ஆக்ஸைடைக் கரைக்கும். ஆறியதும் இறுகி, மின்சாரத்தையும் கடத்தாமல், எதையும் அரிக்காமல் சாதுவாக இருந்துவிடும். மின்வேலைக்கென்று விற்கும் சால்டர் கம்பியின் மையத்தில் நுண்ணிய குழாய்போல் ரோசின் நிரப்பப்பட்டிருப்பதால், சாதாரண வேலைக்குத் தனிப் பேஸ்ட் தேவைப்படுவதில்லை. டப்பாவில் கிடைக்கும் பேஸ்ட்டுகளில் அமிலத்தன்மை உள்ளவையும் உண்டாகையால், என்ன பேஸ்ட் என்று தெரியாமல் வாங்கிப் பூசுவதைக் காட்டிலும் பூசாதிருப்பதே மேல்.

அயர்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரியடுப்பில் செப்புத் தலைக் கோலைக் காய்ச்சி எடுத்து, அது ஆறுவதற்குள் அவசர அவசரமாக வேலையை முடித்த காலம் ஒன்று இருந்தது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் என்பவர் 1921ஆம் ஆண்டில் மின்சார அயர்னைத் தொழிற்சாலை முறையில் செய்து விற்கத் தொடங்கினார். அமெரிக்காவின் ஈஸ்டன் நகரத்தில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த கார்ல் வெல்லருக்கு, அயர்ன் சூடேறும் வரையில் காத்திருக்கப் பொறுமையில்லை. அந்தப் பொறுமையின்மையின் பலனாக, விசையை அழுத்தியதும் சில நொடிகளில் காய்ந்துவிடும் சால்டரிங் துப்பாக்கி பிறந்து, 1946இல் காப்புரிமையும் பெற்றது. ஆரம்பநிலையில் இருப்பவருக்குத் துப்பாக்கியெல்லாம் வேண்டாம். 25 வாட் அயர்ன் போதும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ஸ்டேஷன் வாங்கச் சக்தி இருந்தால், காரீயக் கலவைக்கு ஏறத்தாழ 330 டிகிரியிலும், காரீயமற்றதற்கு 360 டிகிரியிலும் வைத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது பிளக்கில் மூன்றாவது முள் இருக்கிறதா என்பது. எர்த் இணைப்பு இல்லாத இருமுள் அயர்னில் மின்கசிவு ஏற்பட்டால், அது உருகும் ஈயத்தின் வழியே நுட்பமான பாகங்களையும் கெடுக்கும், பிடித்திருப்பவரையும் தாக்கும்.

நுனியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய அயர்ன்களின் நுனி வெறும் செம்பு. ஒவ்வொரு இணைப்பிலும் சிறிது கரைந்துபோய்ப் பள்ளம் விழும், அரம் கொண்டு ராவிச் சமன் செய்வார்கள். இப்போது வரும் நுனிகளின்மேல் இரும்பு முலாம் இருக்கிறது. அரமோ உப்புத்தாளோ பட்டால் அது உரிந்துபோய் நுனி சில நாட்களில் பாழாகும். பழைய உஸ்தாதுகளிடம் கற்றவர்கள் புது நுனியையும் ராவிவிடுவதை இன்னும் காண்கிறோம். ஈரமான ஸ்பாஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ லேசாகத் துடைத்து, உடனே புது ஈயம் தொட்டு, நுனியை எப்போதும் ஈயப் பூச்சோடு வைத்திருப்பதே அதைப் பேணும் முறை. வேலை முடிந்து அணைக்கும்போதும் ஈயத்தை நிரம்பத் தொட்டு வைத்துவிட்டு அணைக்க வேண்டும்.

முதல் பாடம் கம்பியோடு கம்பியை இணைப்பது. மின்சாரம் எதிலும் பாயாத, எங்கும் இணைக்கப்படாத துண்டு ஒயர்களைக் கொண்டுதான் பழக வேண்டும். மேலுறையை ஓர் அங்குலத்துக்குக் குறைவாக உரித்து, உள்ளிருக்கும் செப்பிழைகள் அறுபடாமல் முறுக்கி, இரண்டு கம்பிகளையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன்மேல் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். தந்திக் கம்பங்களில் ஏறியவர்கள் கையாண்ட முறுக்கு இது. நாசா நிறுவனத்தின் வேலைத்தரக் கையேடுகளிலும் இதற்கு இடம் உண்டு. ஈயம் இடுவதற்கு முன்பே கம்பிகள் தம்மைத் தாமே தாங்கி நிற்க வேண்டும், ஈயத்தின் பலத்தை நம்பி எதையும் தொங்கவிடக்கூடாது என்ற கொள்கை இதில் அடங்கியிருக்கிறது. ஏனெனில் ஈயக் கலவை மிகவும் மெத்தென்ற உலோகம், இழுவிசையைத் தாங்கும் திறன் அதற்குக் குறைவு. முறுக்குவதற்கு முன்னால், பிற்பாடு இணைப்பை மூடப்போகும், சூட்டில் சுருங்கும் குழாயை ஒரு பக்கத்துக் கம்பியில் கோத்து, வேலை நடக்கும் இடத்திலிருந்து தூரத் தள்ளி வைத்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டு, அழகான இணைப்பொன்றை முடித்த பிறகு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது இத்தொழிலில் எல்லாருக்கும் கிடைக்கும் தீட்சை.

இனி, இந்தக் கலையின் உயிர்நிலையான விதி: ஈயத்தைச் சுடக்கூடாது, இணைப்பைச் சுட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் கை தானாகவே செய்வது இதற்கு நேர்மாறானது. அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி, அந்தத் துளியைக் கொண்டுபோய்க் கம்பியின்மேல் அப்புகிறார். நுனியில் உருகும்போதே உள்ளிருந்த ரோசின் புகைந்து தீர்ந்துவிடுகிறது. கம்பியோ குளிர்ந்தபடி இருக்கிறது. ஈயத் துளி அதன்மேல், தாமரையிலையில் தண்ணீர் நிற்பதுபோல், உருண்டு திரண்டு ஒட்டாமல் நிற்கிறது. சரியான முறை வேறு. நுனியை முறுக்கின் அடியில் அணைத்து, சூடு கம்பிக்குள் ஏற ஓரிரு நொடி அவகாசம் கொடுத்து, சால்டர் கம்பியை நுனியில் படாமல் எதிர்ப்புறத்தில், செம்பின்மேலேயே தொட வேண்டும். செம்பு போதிய சூட்டை அடைந்திருந்தால் அது தானே ஈயத்தை உருக்கி, இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய சந்துகளுக்குள் இழுத்துக்கொள்ளும். இழைகளின் வடிவம் ஈயத்துக்கு மேலே மெலிதாகத் தெரிகிற அளவில் நிறுத்திக்கொண்டு, முதலில் ஈயத்தையும் பின்னர் அயர்னையும் எடுத்துவிட்டு, ஆறும் வரை அசைக்காமல், வாயால் ஊதாமல் பொறுத்திருக்க வேண்டும்.

பலகையில் பாகங்களைப் பொருத்துவதும் இதே விதிப்படிதான். சூடேற்ற வேண்டியவை மட்டும் இரண்டு: பாகத்தின் கால், பலகையின் செப்பு வட்டம். நுனி இரண்டையும் ஒருங்கே தொட வேண்டும். மூன்று நொடிக்குள் முடியாத இணைப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது. நுனி அழுக்கானதாக இருக்கலாம், செம்பு களிம்பேறியிருக்கலாம். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால், செப்பு வட்டம் பலகையை விட்டு உரிந்து வந்துவிடும். நல்ல இணைப்பு காலைச் சுற்றிக் கூம்பாக ஏறி, ஓரங்களில் மெலிந்து பலகையோடு கலந்திருக்கும். உருண்டையாகக் குந்தியிருந்தால் நம்பக்கூடாது. டிவி மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்று சொல்வது இப்படிப்பட்ட போலி இணைப்புகளையும், வருஷக்கணக்கில் சூடேறிச் சூடேறி வெடிப்பு கண்டவற்றையும்தான். தலையில் தட்டினால் படம் வரும் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்தன. பெரும்பாலும் அவற்றின் வியாதி, ஒரு காலைச் சுற்றி மயிரிழைபோல் ஓடிய வட்டமான விரிசலன்றி வேறல்ல. அதை மீண்டும் உருக்கிச் சிறிது புது ஈயம் இட்டால் பெட்டி பிழைத்துவிடும்.

இனி, முன்பு சொன்ன ஆபத்துகளுக்கு வருவோம். கைச்சூட்டைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடலாம். அயர்னை மேஜைமேல் கிடத்தாமல் சுருள்கம்பி ஸ்டாண்டில்தான் வைக்க வேண்டும். கை தவறி விழும் அயர்னை எட்டிப் பிடிக்கக்கூடாது, விழட்டும் என்று விட்டுவிட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். ஈயம் தெறிப்பது அபூர்வமே என்றாலும், நறுக்கும்போது துள்ளி வரும் பாகங்களின் கால்துண்டுகள் அபூர்வமல்ல. தோல் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை அதன்மேல் இருபது நிமிஷம் ஓடவிடுவதே மருத்துவம். பற்பசை, பேனா மை, நெய், இட்லி மாவு என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அப்பப்படுகின்றவை அனைத்தும் சூட்டை உள்ளே அடைத்துவைப்பதோடு, புண்ணில் கிருமி சேரவும் வழி செய்கின்றன. பனிக்கட்டியும் ஆகாது.

புகையின் சமாசாரம் வேறு. அயர்னிலிருந்து எழும் வெண்புகை காரீய ஆவி என்று பலரும் நினைத்துப் பயப்படுகிறார்கள். அயர்ன் எட்டும் சூட்டில் காரீயம் குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாவதே இல்லை. அந்தப் புகை ரோசினுடையது. மரப்பிசின்தானே, சாம்பிராணிபோல் மணக்கிறதே என்று அதை அலட்சியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்தாம் அஞ்ச வேண்டியவர்கள். நாள்தோறும் சுவாசித்தால் ரோசின் புகை ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. தொழில்வழி வரும் ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் ஒன்றாகப் பிரிட்டனின் தொழிற்பாதுகாப்புத் துறை அதைக் கருதுகிறது. ஒரு தரம் உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சொற்பமான புகைகூட மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். வேலை நுட்பமானதாகையால் எல்லாரும் முகத்தைக் குனிந்து, புகை ஏறும் வழியிலேயே மூக்கை நீட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். புகைக்கு நேர்மேலே தலையை வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் அமர்வதும், ஜன்னலோரத்தில் அமர்வதும், பழைய கணினியிலிருந்து எடுத்த சிறு விசிறி ஒன்றை முகத்துக்கு எதிர்த் திசையில் புகையை இழுத்துப் போகும்படி வைப்பதும் செலவில்லாத பரிகாரங்கள். விசிறி புகையை இழுக்க வேண்டுமே தவிர இணைப்பின்மேல் ஊதக்கூடாது. ஒயரின் பிவிசி உறை கருகும்போது வரும் கார நெடி இன்னும் மோசமானது. அதில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது.

காரீயம் நுழையும் வாசல் மூக்கன்று, வாய். கம்பியை விரலால் பிடித்துப் பிடித்து, விரலில் சாம்பல் நிறப் பொடி படிகிறது. அந்தக் கையால் முறுக்கை எடுத்துக் கடிக்கிறோம், தேநீர்க் குவளையின் விளிம்பைத் தொடுகிறோம், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறோம். இரு கையிலும் வேலை இருக்கும்போது சால்டர் கம்பியைப் பல்லில் கவ்விக்கொள்ளும் வழக்கமும் சில பட்டறைகளில் உண்டு. அதைக் கண்டால் உடனே தடுக்க வேண்டும். உடலுக்குள் போன காரீயம் எலும்பில் சென்று வருஷக்கணக்கில் தங்கிவிடுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை, இவ்வளவு வரையில் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கண்டறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆகவே சமையல் மேடையிலும் சாப்பாட்டு மேஜையிலும் இந்த வேலை கூடாது. வேலை செய்யும் இடத்தில் தின்பண்டம் கூடாது. எழுந்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சிதறிய ஈயத் துளிகளைத் துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடிது, அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் மறைந்திருக்கும் மின்சாரம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரிக் கணக்கு. அதன் உச்சம் 325 வோல்ட். சார்ஜர், தொலைக்காட்சி, எல்.இ.டி. விளக்கின் டிரைவர் போன்றவற்றில் நுழைந்ததும் அது நேர்மின்சாரமாகத் திருத்தப்பட்டு, மெக்கானிக்குகள் கண்டன்சர் என்று சொல்லும் மின்தேக்கியில் அந்த உச்ச அளவிலேயே சேமிக்கப்படுகிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் தேக்கம் உடனே வடிந்துவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஸ்குரூடிரைவரால் இரண்டு முனைகளையும் இணைத்துப் பொறி பறக்கவிடுவது பட்டறைகளில் வீரமாகக் கருதப்படுகிறது. அது கண்டன்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். 2 கிலோ ஓம், 5 வாட் அளவிலான ரெசிஸ்டர் ஒன்றை, உறையிட்ட கம்பிகள் சேர்த்து, சில நொடி குறுக்கே வைத்து வடியவிட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பின்பே கை வைக்க வேண்டும். இவ்வளவும் தேர்ந்தவர்களுக்கு. பழகுகிறவர் முதல் சில மாதங்கள் பாட்டரியால் இயங்குபவற்றை மட்டும் திறப்பது நல்லது. மைக்ரோவேவ் அடுப்பை எப்போதுமே திறக்க வேண்டாம், அதனுள் இருக்கும் மின்தேக்கி ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கி நிற்பது.

எங்கே ஈயம் வைக்கக்கூடாது என்பதும் இந்தப் பாடத்தின் பகுதியே. பிளக்கிலும் சுவிட்சிலும் திருகாணிக்கு அடியில் போகும் ஒயர் முனையில் இழைகள் சிதறாமலிருக்க ஈயம் தோய்த்துவிடுவது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு. அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கி விலகும். திருகாணி தானாகத் தளரும். தளர்ந்த இடம் சூடேறும். அங்கேதான் நெருப்புப் பிடிக்கும். அத்தகைய முனைக்குச் செம்புக் குப்பி மாட்டி நசுக்குவதே முறை. ஓயாமல் அதிரும் வண்டி ஒயர்களிலும், ஈயம் முடியும் எல்லையில் இழைகள் ஒடிவதால், நசுக்கு இணைப்பே சிலாக்கியம். லிதியம் பாட்டரியின் உடலில் நேரடியாக அயர்னை வைப்பது, உள்ளிருக்கும் மெல்லிய தடுப்பைச் சுட்டுத் தீயை வரவழைப்பதற்குச் சமம். அவற்றுக்கு நிக்கல் தகட்டைப் புள்ளிப் பற்றவைப்பால் இணைக்கிறார்கள்.

பழகுவதற்குப் புதுச் சாமான் வேண்டியதில்லை. பழைய பலகை ஒன்றை எடைக்கடையில் வாங்கி, ஈயத்தை உறிஞ்சியெடுக்கும் சக்கர் பம்பையும் செப்புப் பின்னலையும் வைத்துப் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே ஓட்டைகளில் திரும்பப் பொருத்துவதில் இரு கைக்கும் அப்பியாசம் கிடைத்துவிடும். எலெக்ட்ரோலிடிக் மின்தேக்கி, டயோடு, எல்.இ.டி. இவற்றுக்கு நேர், எதிர் என்ற பேதம் உண்டென்பதையும், எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனை என்பதையும் அப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளலாம். பின்னொரு நாள், வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சாதனத்தைப் பழுது பார்த்துச் சோதிக்கும் கட்டம் வரும்போது, ரேடியோ மெக்கானிக்குகளின் சீரிஸ் பல்பு கைகொடுக்கும். சாதனத்துக்குப் போகும் மின்பாதையின் நடுவே 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துவிட்டு ஸ்விட்சைப் போட வேண்டும். உள்ளே ஏதேனும் இரண்டு முனைகள் தவறாக இணைந்திருந்தால், பாகங்கள் வெடிப்பதற்குப் பதிலாகப் பல்பு முழுப் பிரகாசத்தோடு எரியும். ஒரு கணம் எரிந்து மங்கிவிட்டால், பெரிய ஷார்ட் ஏதுமில்லை என்று கொள்ளலாம். அந்தப் பல்பு சாதனத்தைத்தான் காப்பாற்றும், மனிதனைக் காப்பாற்றாது. தொட்டவனைக் கொல்லப் போதுமான மின்சாரம் அதன் வழியே தாராளமாகப் பாயும். மனிதனுக்கு வேண்டியது, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்ச். சீரிஸ் போர்டுக்கு எல்.இ.டி. பல்பு உதவாது, இழை எரியும் பழைய குண்டு பல்புதான் வேண்டும். இப்போதெல்லாம் எல்லாக் கடைகளிலும் அது கிடைப்பதில்லையாகையால், கண்ட இடத்தில் இரண்டை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.